மூன்று கம்பிகளின் வழியே: உணரி இல்லாமல் சுழலியின் நிலை அறிதல்

  

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் நீர்மூழ்கி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த கோவையில் இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து முந்நூறு அடியோ ஐந்நூறு அடியோ கீழே அது தொங்குகிறது. மேலிருந்து கீழே போவது குழாயும், கயிறும், மூன்று கம்பி ஓடும் ஒரு தட்டைக் கேபிளும்தான். நம் பக்கம் செய்யும் பல மோட்டார்களுக்குள்ளேயே தண்ணீர் நிரம்பியிருக்கும். வயண்டிங் கம்பிக்கு மேல் நெகிழி உறை இருப்பதால் அது தண்ணீரில் ஊறிக்கொண்டே ஓடும். இப்போது சோலார் பம்புகளில் நிலைக்காந்தம் பதித்த மோட்டார்கள் வந்துவிட்டன. இந்த வகை மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டிக்கு ஒரு செய்தி தெரிந்தே ஆக வேண்டும்: கீழே இருக்கும் சுழலியின் வடமுனை இந்தக் கணத்தில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது?

அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. உணரி கிடையாது, அதற்கான கம்பியும் கிடையாது. மின்சாரம் போகும் அதே மூன்று கம்பிகள்தான் செய்தியையும் கொண்டுவர வேண்டும். அது எப்படி நடக்கிறது, எங்கே நடக்காமல் போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தத் தேவை ஏன் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நமக்குப் பழக்கமான இண்டக்‌ஷன் மோட்டாருக்கு இப்படிப்பட்ட கவலை இல்லை. மூன்று ஃபேஸைக் கொடுத்தால் போதும், அசையாத பாகமான நிலையியில் ஒரு காந்தப்புலம் சுழலும். சுழலி சற்றே பின்தங்கி அதைத் துரத்தும். நிலைக்காந்த மோட்டார் அப்படிப்பட்டதன்று. அதை நேரே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மாட்டினால் உறுமும், அதிரும், சுழலாது. புலம் நொடிக்கு ஐம்பது சுற்று சுற்றப் பார்க்கிறது. நின்றுகொண்டிருக்கும் காந்தத்தை ஒரு கணம் முன்னே தள்ளி, மறுகணம் பின்னே தள்ளுகிறது. ஊஞ்சலை ஆட்டுகிறவர் அது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துத் தள்ளுவதுபோல், காந்தம் நிற்கும் இடம் பார்த்து அதற்குச் சரியாக 90 பாகை முன்னே நிலையியின் புலத்தை நிறுத்த வேண்டும். காந்தம் நகர நகரப் புலமும் நகர வேண்டும்.

இதில் பிழை வந்தால் என்ன ஆகும்? மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய மோட்டாரில் கணக்கு எளிது. பிழைக் கோணத்தின் கொசைன் மதிப்புதான் மிஞ்சும் முறுக்குவிசை. 10 பாகை பிழைக்கு ஒன்றரை விழுக்காடு இழப்பு, பொருட்படுத்த வேண்டாம். 30 பாகைக்குச் சுமார் 13 விழுக்காடு. 90 பாகை தவறினால் மின்னோட்டம் முழுவதும் வெறும் சூடாகப் போகும், தண்டு திரும்பாது. அதற்கும் மேலே போனால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். இங்கே பாகை என்று சொல்வது மின்கோணம். 14 முனை, அதாவது ஏழு சோடி கொண்ட மோட்டாரில் தண்டு ஒரு பாகை திரும்பினால் மின்கோணம் ஏழு பாகை திரும்பிவிடும். தண்டில் ஐந்து பாகை தவறினாலே 35 மின்பாகை தவறிவிட்டோம் என்று பொருள்.

பழைய டி.சி. மோட்டாரில் இந்த வேலையைக் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் செய்தன. சுழலி திரும்பும்போது எந்தக் காயிலுக்கு மின்னோட்டம் போக வேண்டும் என்பதைத் தண்டிலேயே பொருத்திய செப்புத் துண்டுகள் தீர்மானித்தன. பிரஷ் தேயும், பொறி பறக்கும், தூசி படியும். 1962இல் டி.ஜி. வில்சனும் பி.எச். டிரிக்கியும் அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரை, அந்த இயந்திர ஏற்பாட்டைக் குறைகடத்திகளால் மாற்றலாம் என்று காட்டியது. பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார், நாம் பி.எல்.டி.சி. என்று சொல்வது, அங்கிருந்து வளர்ந்தது. பிரஷ் போனதோடு அது செய்துவந்த இன்னொரு வேலையும் போயிற்று. சுழலி எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருந்ததும் அதுதானே.

அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் ஹால் உணரிகள். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குபவை. நிலையியில் மூன்று உணரிகள். ஒவ்வொன்றும் தன் முன்னே வடமுனை இருந்தால் 1, தென்முனை இருந்தால் 0 என்று சொல்லும். 120 மின்பாகை இடைவெளியில் வைத்தால் ஒரு சுற்றில் ஆறு விடைகள் கிடைக்கும். மூன்றும் 0 அல்லது மூன்றும் 1 என்று ஒருபோதும் வரக்கூடாது. வந்தால் உணரியோ கம்பியோ போய்விட்டது. மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் இளைஞர்கள் முதலில் சோதிப்பது இதைத்தான். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே மூன்று கம்பிகளிலும் 5 வோல்ட் ஏறி இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று தடித்த கம்பிகளோடு ஐந்து மெல்லிய கம்பிகள். சேறும் தண்ணீரும் படும் இடத்தில் ஒரு கனெக்டர். பழுது பெரும்பாலும் அந்த மெல்லிய கம்பிகளில்தான் வரும். தடித்த கம்பிகளில் வருவது குறைவு.

கிணற்றுக்கு உள்ள அதே நெருக்கடி ஏசி கம்ப்ரெசருக்கும் உண்டு. பற்றவைத்து மூடிய எஃகுக் கூடு. உள்ளே குளிர்பதன வாயுவும் எண்ணெயும் அழுத்தத்தோடு சுழல்கின்றன. வெப்பநிலை 100 செல்சியஸைத் தாண்டும். உள்ளே மின்சாரம் போவது கண்ணாடியால் காப்பிட்டு அடைத்த மூன்று முனைகளின் வழியே. உணரி வைக்க வேண்டுமென்றால் அந்தக் கூட்டில் இன்னும் ஐந்து துளைகள் வேண்டும். ஒவ்வொரு துளையும் வாயு கசியக்கூடிய இடம். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் உணரி செத்தால் கம்ப்ரெசரையே மாற்ற வேண்டும். 1985இல் ஜப்பானின் ஹிட்டாச்சியைச் சேர்ந்த இஈசூகா கெனிச்சியும் உடன் பணியாற்றியவர்களும், உணரி இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரை நுண்கணினியால் கட்டுப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்று நம் வீடுகளில் ஓடும் இன்வர்ட்டர் ஏசிகளும் குளிர்பெட்டிகளும் அந்த வழியில் வந்தவை.

அவர்கள் செய்தது என்ன? காந்தம் சுழன்றால் பக்கத்தில் இருக்கும் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும்; ஃபாரடே 1831இல் கண்டது. மோட்டாராக ஓடும்போதும் அது பிறந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்பதால் அதை எதிர் மின்னழுத்தம் என்கிறோம். அதன் வடிவம் சுழலியின் நிலையைப் பொறுத்தது, அளவு வேகத்தைப் பொறுத்தது. இதைப் பிரித்தெடுத்துவிட்டால் நிலையைப் பிடித்துவிடலாம்.

பி.எல்.டி.சி. மோட்டாரில் எந்த நேரத்திலும் இரண்டு ஃபேஸ்களில்தான் மின்னோட்டம் போகும். மூன்றாவது சும்மா இருக்கும். அந்த மூன்றாவதில் எதிர் மின்னழுத்தம் வெளிப்படையாகத் தெரியும். ஆசிலோஸ்கோப்பில் அதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. முதலில் தட்டையான ஒரு மேடு. பிறகு சட்டென்று ஒரு கூர்முனை. அடுத்து, சீப்பின் பற்களைப் போல் சுவிட்ச்சிங் கோடுகள் நிறைந்த ஒரு சரிவு. நமக்கு வேண்டியது அந்தச் சரிவுதான். அது மோட்டாரின் நடுப்புள்ளி மின்னழுத்தத்தைக் கடக்கும் கணமே பூச்சியக் கடப்பு. அங்கிருந்து சரியாக 30 மின்பாகை கழித்து அடுத்த ஃபேஸுக்கு மாற வேண்டும். முந்தைய இரண்டு கடப்புகளுக்கு இடையே 60 பாகை; அதற்கு எடுத்த நேரத்தில் பாதியை எண்ணிக்கொண்டு மாற்றினால் முடிந்தது. தொடக்ககாலச் சுற்றுகளில் வடிகட்டி வைத்து அலையை 90 பாகை பின்தங்கச் செய்து, மாற்ற வேண்டிய கணத்தையே நேரடியாகப் பெற்றார்கள். வேகம் குறைந்தால் வடிகட்டி 90 பாகை தராது, கணம் தவறும். நுண்கணினிகள் மலிவானதும் எண்ணும் முறையே நிலைத்தது.

சற்று முன்பு சொன்ன அந்தக் கூர்முனையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஃபேஸை நிறுத்தியதும் அதில் ஓடிய மின்னோட்டம் உடனே நின்றுவிடாது. டையோடு வழியே ஓடிக் கரையும். கரையும் வரை அந்த முனை டி.சி. வரம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் பொய்க் கடப்பு கிடைக்கும். ஆகவே மாற்றிய பிறகு சிறிது நேரம் எதையும் நம்பாமல் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? சுமை கூடினால் மின்னோட்டம் கூடும், கூர்முனை அகலும். ட்ரோன் மோட்டாரில் இது உயிர்ப் பிரச்சினை. ஏழு சோடி முனை, நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 8,400 முறை ஃபேஸ் மாற வேண்டும்; ஒரு மாற்றத்துக்குச் சுமார் 119 மைக்ரோநொடி. விமானி திடீரென்று விசையைக் கூட்டும்போது கூர்முனை அகன்று கடப்பை மூடிவிட்டால் கன்ட்ரோலருக்கு இடம் தவறிப்போகும். மோட்டார் ஒரு கணம் இடறும், ட்ரோன் கவிழும்.

இதுவரை சொன்னது மூன்றாவது ஃபேஸ் சும்மா இருக்கும் மோட்டாருக்கு. சத்தமும் அதிர்வும் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் மூன்று ஃபேஸிலும் எப்போதும் சைன் அலை ஓட வேண்டும். எட்டிப் பார்க்க அங்கே சன்னல் இல்லை; கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடித் கிளார்க் மூன்று ஃபேஸை இரண்டு அச்சாகச் சுருக்கிக் காட்டினார். ராபர்ட் பார்க் 1929இல் அச்சுகளைச் சுழலியோடு சேர்த்துச் சுற்றவைத்தார். 1970களின் தொடக்கத்தில் சீமன்ஸின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே அதைக் கொண்டு ஏ.சி. மோட்டாரை டி.சி. மோட்டார்போல் அடக்கி ஓட்டும் வழியைக் கொடுத்தார். இந்த வரலாறு உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அது தரும் சமன்பாடு மிகச் சிறியது. கொடுக்கும் மின்னழுத்தத்திலிருந்து, மின்தடையில் விழுவதையும் மின்தூண்டலில் விழுவதையும் கழித்தால் மிஞ்சுவது எதிர் மின்னழுத்தம். மின்னோட்டத்தை அளக்கிறோம், மின்னழுத்தம் நாம் கொடுத்ததே, மற்ற இரண்டும் மோட்டாரின் குணங்கள். கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கழித்தலில்தான் பொறியாளரின் பாடு தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் 10 வோல்ட் எதிர் மின்னழுத்தம் தரும் மோட்டார் ஒன்று, மின்தடை 0.2 ஓம், ஓடும் மின்னோட்டம் 5 ஆம்பியர். 1,000 சுற்றில் ஓடும்போது மின்தடையில் விழுவது 1 வோல்ட். அதில் சிறு பிழை வந்தாலும் 10 வோல்ட்டின் முன் தெரியாது. இதையே 30 சுற்றுக்கு இறக்குங்கள். எதிர் மின்னழுத்தம் 0.3 வோல்ட்தான். செம்பின் மின்தடை ஒரு செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். வயண்டிங் 50 செல்சியஸ் சூடேறினால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், கணக்கில் 0.2 வோல்ட் பிழை. தேடுவது 0.3, பிழை 0.2. இதை வைத்துக்கொண்டு வடமுனை எங்கே என்று எப்படிச் சொல்வது?

இன்வர்ட்டர் செய்யும் பிழை இதைவிடப் பெரிது. மேல் சுவிட்ச்சும் கீழ் சுவிட்ச்சும் ஒரே நேரத்தில் மூடினால் குறுக்குச் சுற்று ஆகிவிடும் என்று நடுவில் ஒரு மைக்ரோநொடியோ இரண்டோ இரண்டையும் திறந்து வைக்கிறோம். 300 வோல்ட் டி.சி., நொடிக்கு 10,000 சுவிட்ச்சிங், 2 மைக்ரோநொடி இடைவெளி என்றால், நாம் கொடுத்ததாக நினைக்கும் மின்னழுத்தத்துக்கும் மோட்டார் உண்மையில் பெற்றதற்கும் 6 வோல்ட் வரை வேறுபாடு வரும். மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் அதன் குறியும் மாறும். ஈடுசெய்யாமல் விட்டால் குறைந்த வேகத்தில் எந்தக் கணக்கும் நிற்காது.

சோலார் பம்பில் இன்னொன்றும் சேர்கிறது. கன்ட்ரோலர் மேலே, மோட்டார் கீழே, இடையில் கேபிள். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.46 ஓம் மின்தடை காட்டும். கன்ட்ரோலரின் கண்ணில் மோட்டாரும் கேபிளும் ஒரே பொருள். பல்லடத்தில் ஒரு கிணறு ஓர் ஆழம், பக்கத்துத் தோட்டத்தில் வேறோர் ஆழம். ஆலையில் எழுதி வைத்த ஒரே எண்ணை இரண்டிலும் போட்டால் ஒன்றில் ஓடும், ஒன்றில் திணறும். அதனால் நல்ல கன்ட்ரோலர் முதன்முதலாக இயக்கும்போது சிறிது நேர்மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையைத் தானே அளந்துகொள்ளும். இந்த ஒரு வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கும்படி உழவர்களுக்கும் பம்பு கடைக்காரர்களுக்கும் சொல்லலாம்.

கழித்துக் கிடைத்ததை அப்படியே நம்புவதும் இல்லை. அதில் இரைச்சல் நிறைய இருக்கும். டேவிட் லூயன்பெர்கரின் கவனிப்பான் ஒரு வழி, ருடால்ஃப் கால்மானின் வடிப்பான் இன்னொன்று, உட்கினின் ரஷ்யக் குழுவினர் வளர்த்த சறுக்கு முறை மற்றொன்று. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மோட்டாரின் ஒரு கணித நகலைக் கன்ட்ரோலருக்குள் ஓட்டுவது. நகல் சொல்லும் மின்னோட்டத்தையும் உண்மையில் அளந்த மின்னோட்டத்தையும் ஒப்பிடுவது. வேறுபாடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகலின் கோணத்தை நகர்த்துவது. நகல் எவ்வளவு உண்மையோ அவ்வளவுக்குத்தான் விடையும் உண்மை. கட்டுரைப் போட்டிகளில் எந்த வடிப்பான் சிறந்தது என்று நடக்கும் வாதம், என் பார்வையில், மின்தடையையும் மின்தூண்டல் எண்ணையும் ஒழுங்காக அளக்காதவர்களுக்குப் பயன் தராது. மிக எளிய கவனிப்பானும் சரியான எண்களோடு நன்றாக ஓடும்.

இனி, மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். சுழலி நின்றுகொண்டிருக்கிறது. வேகம் பூச்சியம், எதிர் மின்னழுத்தமும் பூச்சியம். கழிப்பதற்கே எதுவும் இல்லை. எப்படித் தொடங்குவது?

பெரும்பாலான வீட்டுப் பொருள்களில் செய்வது ஒரு முரட்டு வழி. முதலில் இரண்டு ஃபேஸில் நேர்மின்னோட்டத்தை விட்டு, சுழலியை ஒரு தெரிந்த இடத்துக்கு இழுத்து நிறுத்துவது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு புலத்தை மெல்லச் சுற்றி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, எதிர் மின்னழுத்தம் தெரியும் அளவு வந்ததும் கணக்குக்குக் கைமாற்றுவது. உங்கள் வீட்டு பி.எல்.டி.சி. விசிறிகளில் சில, ரிமோட்டை அழுத்தியதும் ஒருமுறை எதிர்ப்பக்கம் சற்று அசைந்து, தயங்கி, அதன் பிறகே சரியான பக்கம் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறன்று. சுழலியை இடம் பார்த்து இழுத்து நிறுத்தும் வேலை நடக்கிறது. 75 வாட் எடுத்த பழைய விசிறிக்குப் பதில் 28 முதல் 35 வாட்டில் அதே காற்று கிடைப்பதற்கு அந்த அரை நொடித் தயக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

மின்வெட்டு ஏற்பட்டு உடனே மின்சாரம் திரும்பும்போது வேறு சிக்கல். விசிறி அதற்குள் நின்றிருக்காது. பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மாடியில் காற்று அடித்தால் எதிர்ப்பக்கமும் சுற்றலாம். அப்போது இழுத்து நிறுத்தப் பார்த்தால் மின்னோட்டம் எகிறும், சுவிட்ச் வெந்துபோகும். எனவே தொடங்குமுன் சில மில்லிநொடி எதுவும் கொடுக்காமல் மூன்று முனைகளையும் பார்க்க வேண்டும். சுற்றிக்கொண்டிருந்தால் எதிர் மின்னழுத்தம் இருக்கும். அதிலிருந்தே திசையும் வேகமும் கோணமும் கிடைத்துவிடும். அந்த இடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். பம்பில் இது இன்னும் கடுமை. மேகம் மறைத்து மோட்டார் நின்றதும், நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக அடைக்கவில்லை என்றால் குழாயில் ஏறி நின்ற நூறு மீட்டர் தண்ணீரும் இறங்கி இம்பெல்லரைப் பின்னோக்கிச் சுற்றும். மேகம் விலகியதும் கன்ட்ரோலர் தொடங்கப் பார்க்கும்போது சுழலி தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் இறங்கி முடியும் வரை காத்திருப்பதே இதற்கு எளிய மருந்து. பல கன்ட்ரோலர்கள் மறுதொடக்கத்துக்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதில் இந்தக் காரணமும் உண்டு.

விசிறிக்கும் பம்புக்கும் இந்த முரட்டு வழி போதும். ஏனென்றால் அவற்றின் சுமை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவது; தொடக்கத்தில் சுமையே இல்லை என்று சொல்லலாம். லிஃப்ட்டுக்கும் மேம்பாலத்தில் நின்று கிளம்பும் ஸ்கூட்டருக்கும் இது உதவாது. அங்கே பூச்சிய வேகத்திலேயே முழு முறுக்குவிசை வேண்டும், அதுவும் ஓரங்குலம்கூடப் பின்னே உருளாமல்.

நிற்கும் சுழலியின் நிலையை அறியும் வழியைத் திறந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லோரன்ஸ், தம் மாணவர் யான்சனோடு 1995இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று. வியன்னாவின் மன்ஃப்ரெட் ஷ்ரோடில் உருவாக்கிய, இன்ஃபார்ம் என்று பெயர் பெற்ற முறை மற்றொன்று. இரண்டின் அடிப்படையும் இரும்பில் இருக்கிறது. காந்தங்களை இரும்புக்குள் புதைத்துச் செய்த சுழலியை எண்ணிப் பாருங்கள். காந்தப்பாயம் செல்லும் வழியில் நிலைக்காந்தம் கிட்டத்தட்டக் காற்றைப் போன்றது, எளிதில் வழிவிடாது. இரும்போ தாராளமாக வழிவிடும். ஆகவே காந்தம் பார்க்கும் அச்சில் காயிலின் மின்தூண்டல் எண் குறைவு; அதற்குக் குறுக்கான அச்சில் அதிகம். சுழலி நின்றாலும் இந்த வேறுபாடு நிற்காது. மோட்டாரை ஓட்டும் மின்னழுத்தத்தின் மேல் 500 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சிறு அலையை ஏற்றுங்கள். மின்தூண்டல் எண் குறைந்த அச்சில் அந்த அலையின் மின்னோட்டம் பெரிதாக இருக்கும், மற்ற அச்சில் சிறிதாக. பெரிதாக இருக்கும் திசையே காந்தத்தின் திசை.

ஆனால் வடக்கா தெற்கா? இரும்புக்கு இரண்டும் ஒன்றே. 0 பாகையிலும் 180 பாகையிலும் ஒரே விடைதான் வரும். தவறான பாதியைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கூட்டர் பின்னோக்கிப் பாயும். இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஒன்று. கண்டுபிடித்த அச்சில் ஒரு குறுந்துடிப்பை ஒரு பக்கமும், அதே அளவு துடிப்பை மறு பக்கமும் கொடுக்கிறோம். காந்தத்தின் பாயத்தோடு சேரும் துடிப்பு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இரும்பை மேலும் நிறைக்கும். தெவிட்டிய இரும்பில் மின்தூண்டல் எண் குறையும், மின்னோட்டம் சற்று உயரமாக ஏறும். எதிர்க்கும் துடிப்பில் அவ்வளவு ஏறாது. உயர்ந்த பக்கம் வடக்கு. மோட்டார் ஓர் இம்மியும் அசையாமல், சில மில்லிநொடிக்குள் விடை வந்துவிடும்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஏற்றும் அலை காதில் விழும் அதிர்வெண்ணில் இருப்பதால் மோட்டார் சிணுங்கும். சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை இன்வர்ட்டரின் சுவிட்ச்சிங் அதிர்வெண்ணில் பாதி வரை கொண்டுபோய் அந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தார்கள். சுமை கூடும்போது இரும்பு தெவிட்டி இரண்டு அச்சுகளுக்கும் உள்ள வேறுபாடே மங்கிப்போவது அதைவிடப் பெரிய குறை. மிக அதிக முறுக்குவிசை வேண்டிய அதே நேரத்தில் கோணம் நழுவும். மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய சுழலியில் தொடக்கத்திலேயே வேறுபாடு மிகக் குறைவு. எனவே உணரி வேண்டாம் என்ற முடிவை மோட்டாரை வடிவமைக்கும் மேசையிலேயே எடுக்க வேண்டும். வாங்கிவந்த மோட்டாரை வைத்துக்கொண்டு மென்பொருள்காரரிடம் உணரி இல்லாமல் ஓட்டித் தா என்று கேட்பது நியாயமில்லை.

என் தீர்ப்பைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். கிணறு, கம்ப்ரெசர், விசிறி, ட்ரோன் இவற்றில் உணரி வைப்பது வீண். அங்கே உணரிதான் முதலில் சாகும் உறுப்பு. மனிதர் ஏறும் லிஃப்ட்டில் உணரி இருந்தே ஆக வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் அதுவன்று. மின்சாரக் காரிலும் ஸ்கூட்டரிலும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ரிசால்வர் என்ற கோண உணரியோ ஹால் உணரியோ நாள்தோறும் வேலையைப் பார்க்கட்டும்; கணக்கு பின்னணியில் ஓடி அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கட்டும். மழையில் உணரி செத்துப்போனால், குறைந்த வேகத்திலாவது வண்டியை வீடு சேர்ப்பது அந்தக் கணக்கு. நடுச்சாலையில் நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த வண்டிகளில் பலவற்றை ஓட்டியே கொண்டுசெல்லும் வழி அறிவியலில் எப்போதோ வந்துவிட்டது.

நிறைவாக ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் பாடம் கணினித் திரையில் பாவனை ஓட்டுவதோடு நின்றுவிடுகிறது. திரையில் மின்தடை சூடாவதில்லை, சுவிட்ச்சுக்கு இடைவெளி இல்லை, எல்லா முறையும் வெற்றி பெறுகிறது. பழுதான ட்ரோனிலிருந்தோ பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ ஒரு சிறு மோட்டாரைக் கழற்றி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் மோட்டாரில் நான்கு முனை இருந்தால் ஒன்று நடுப்புள்ளி. மூன்றுதான் இருந்தால் 10 கிலோஓம் மின்தடை மூன்றைச் சேர்த்து ஒரு நடுப்புள்ளியை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆசிலோஸ்கோப்பை மாட்டிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அலை எங்கே பூச்சியத்தைக் கடக்கிறது, மெல்லச் சுற்றினால் எப்படிச் சுருங்குகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் விசிறியில் இதைச் செய்யாதீர்கள். அந்தச் சுற்று மின்னிணைப்பிலிருந்து பிரிக்கப்படாதது, உயிருக்கு ஆபத்து. அடுத்து, அதே மோட்டாரின் மின்தடையைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஒருமுறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு அளவையும் மூன்றாம் ஆண்டு மின்பொறி ஆய்வகத்தில் கட்டாயப் பயிற்சியாகச் சேர்க்கும்படி துறைத் தலைவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.